யார் வைத்தது என்று தெரியாத பெட்டி

கிண்டியிலிருந்து அடையாறு நோக்கி சர்தார் படேல் சாலையில் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், ஐ.ஐ.டி., மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், புற்றுநோய் மருத்துவமனை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். மத்திய கைலாஷில் வலப்பக்கம் திரும்பினால் தரமணி. அங்கே சி.ஐ.டி. வளாகத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. இந்தியாவில் கதிரியக்கப் பொருளை யார் வாங்கலாம், எப்படி வைத்திருக்கலாம், எப்படி ஒழிக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அமைப்பு அது. 1983 நவம்பர் 15 அன்று உருவாக்கப்பட்டது.

இந்தப் பகுதிக்குக் கதிரியக்கத்தோடு பழைய உறவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கனடாவிலிருந்து கோபால்ட்-60 சிகிச்சைக் கருவி வந்துவிட்டது. அணு உலையில் சாதாரண கோபால்ட்டை நியூட்ரான்களுக்கு நடுவே வைத்தால் அது கோபால்ட்-60 ஆகிறது. ஒவ்வொரு அணுவும் சிதையும்போது 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இரண்டு காமா கதிர்களை விடுகிறது. சதையை ஊடுருவி ஆழத்தில் இருக்கும் கட்டியைத் தாக்க அந்த ஆற்றல் தேவைப்பட்டது. காரீயத்துக்கும் எஃகுக்கும் நடுவே அடைபட்டு, தேவையான நேரத்துக்கு மட்டும் ஒரு சிறு வழி திறக்கப்பட்டு, அந்தக் கதிர்கள் எத்தனையோ பேரின் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. இதே கனடா, இதே கோபால்ட் இந்தியத் தலைநகரில் ஓர் உயிரை எடுத்த கதைக்கு இந்த அத்தியாயத்தின் பின்பாதியில் வருவோம். முதலில், பல்கலைக்கழக ஆய்வகத்தில் இந்தப் பொருள்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

உயிரியல் ஆய்வகத்தின் கதிரியக்க நாயகன் பாஸ்பரஸ்-32. டி.என்.ஏ.வின் முதுகெலும்பே பாஸ்பேட்டால் ஆனது என்பதால், சாதாரண பாஸ்பரஸுக்குப் பதில் இதைச் செருகிவிட்டால் அந்த மூலக்கூறு எங்கே போனாலும் தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 1952-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் வைரஸின் டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ்-32, அதன் புரத உறையில் கந்தகம்-35 என்று தனித்தனியாக அடையாளம் போட்டு, பாக்டீரியாவுக்குள் நுழைவது டி.என்.ஏ. தான் என்று காட்டினார்கள். மரபுப் பொருள் எது என்ற விவாதத்தை முடித்துவைத்த சோதனைகளில் அது ஒன்று. நம் ஊர் ஆய்வகங்களுக்கு இந்தச் சரக்கு ஹைதராபாத்திலிருந்து வரும். மத்திய அரசின் கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியம், அதாவது ‘பிரிட்’, அங்கே சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் வளாகத்தில் ஜோனாகி என்ற பெயரில் ஒரு கூடம் நடத்துகிறது.

பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 14.3 நாள். அதனால் ஆர்டர் போட்டுவிட்டுச் சோதனையைத் தள்ளிப்போட முடியாது. பார்சல் வரும் நாளைப் பார்த்தே ஆய்வு மாணவரின் வாரம் அமையும். ஆனால் கெட்டிக்கார ஆய்வகத்தில் பார்சல் வருவதற்கு முன்பே ஒருமுறை முழுச் சோதனையும் நடந்து முடிந்திருக்கும், கதிரியக்கம் இல்லாமல், சாயம் கலந்த தண்ணீரோடு. ‘கோல்ட் ரன்’ என்பார்கள். எந்தப் பிப்பெட் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், மூடியைக் கழற்றி எங்கே வைப்பது, குழாயை மையவிலக்கு எந்திரத்துக்கு எடுத்துப்போகையில் யார் கதவைத் திறப்பது என்பதெல்லாம் அந்த ஒத்திகையில்தான் தெரியவரும். சாயம் சிந்திய இடம் கண்ணுக்குத் தெரியும், பாஸ்பரஸ் சிந்திய இடம் தெரியாது. ஒத்திகை பார்க்காத மாணவர் உண்மையான சோதனையில் எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் முழுக்கக் கையில் ஏறும் கதிர்வீச்சு. பாதுகாப்பு ஏற்பாடுகளிலேயே செலவில்லாததும் அதிகம் பயன் தருவதும் இந்த ஒத்திகைதான் என்பது என் கருத்து.

தடுப்பு விஷயத்தில் புதிதாக வருபவர்கள் ஒரு தவறு செய்யப் பார்ப்பார்கள். கதிர்வீச்சு என்றதும் காரீயம் நினைவுக்கு வரும். பாஸ்பரஸ்-32 விடுவது பீட்டா துகள், அதாவது வேகமாக ஓடும் எலெக்ட்ரான். அதன் உச்ச ஆற்றல் 1.71 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட், காற்றில் சுமார் ஆறு மீட்டர் வரை போகும். ஆய்வக மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவரையும் அது எட்டும். இந்த எலெக்ட்ரான் காரீயம் போன்ற கனமான உலோகத்தில் மோதிச் சட்டென்று நின்றால், இழந்த ஆற்றலில் ஒரு பகுதி எக்ஸ் கதிராக மாறிக் கிளம்பும். தடுக்க வைத்த பொருளே புதிய கதிருக்குப் பிறப்பிடமாகிவிடும். அதனால் இங்கே தேவைப்படுவது ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பலகை. அதிலிருக்கும் இலேசான அணுக்கள் எலெக்ட்ரானை மெதுவாக நிறுத்திவிடும், எக்ஸ் கதிர் அவ்வளவாகப் பிறக்காது. பலகை ஒளி ஊடுருவும் என்பதால் அதன் பின்னால் இருந்தபடியே வேலையைப் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

பலகைக்குப் பின்னால் முகமும் மார்பும் பத்திரமாக இருக்கும். கைகள் பலகையைச் சுற்றி அந்தப் பக்கம் போயாக வேண்டும். திறந்த சீசாவின் வாய்க்கு நேரே விரலைக் கொண்டுபோனால், அந்தச் சில நொடிகளில் கிடைப்பது மற்ற வேலை முழுக்கச் சேர்ந்து கிடைப்பதைவிட அதிகமாக இருக்கக்கூடும். தொழிலாளர் கைக்கு ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிகியூரி சரக்குள்ள சீசாவின் வாயருகே விரல் இருந்தால் சில மணி நேரத்திலேயே அந்த ஆண்டுக் கணக்கு தீர்ந்துவிடும். எனவே சீசாவை விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடிக்க வேண்டும், அல்லது பெர்ஸ்பெக்ஸ் கட்டையில் செருகிவைக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் கதிர்வீச்சு கால்வாசியாகும் என்ற விதி சிறு கதிரியக்க மூலங்களுக்குப் பொருந்தும். இடுக்கி தரும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில் அந்த விதி பெரிய வேலை செய்கிறது.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து விழும் கதிரைப் பற்றி. பொருளே உடம்பில் ஒட்டிக்கொள்வது வேறு சங்கதி. வெயிலில் நிற்பவர் நிழலுக்கு வந்ததும் வெயில் நின்றுவிடும். கரி பூசிய கையோடு நிழலுக்கு வந்தவர் தொட்ட இடமெல்லாம் கரியாக்குவார். ஆய்வகத்தில் அதிகம் நடப்பது இரண்டாவது வகை. கதிரியக்கத் துளி பட்ட கையுறையோடு கதவின் கைப்பிடியைத் தொடுவது, கைப்பேசியை எடுப்பது, மூக்கைச் சொறிவது. சென்னையின் மே மாதத்தில் இரட்டைக் கையுறைக்குள் வியர்வை ஊறி, நெற்றியில் வழியும்போது புறங்கையால் துடைக்காமல் இருப்பதற்கு உண்மையிலேயே பயிற்சி வேண்டும். குளிரூட்டிய அறை என்பது இங்கே சொகுசு அல்ல, பாதுகாப்பு ஏற்பாட்டில் அதுவும் ஒன்று என்று ஆய்வக நிதி ஒதுக்குபவர்கள் உணர வேண்டும்.

மேசைமீது பிளாஸ்டிக் அடிப்புறமும் உறிஞ்சும் மேற்புறமும் கொண்ட தாளை விரித்து, அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டுக்குள் மட்டுமே வேலை செய்வது வழக்கம். கைகர் கவுண்டர் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் எடுத்து ஓட்டிப்பார்ப்பதோடு, வேலை தொடங்கும் முன்பும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். முந்தின நாள் வேறொருவர் சிந்திவிட்டுப் போனதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க அது ஒன்றே வழி. சிந்திவிட்டால் முதல் வேலை, அறையில் இருப்பவர்களிடம் உரக்கச் சொல்வது. பிறகு உறிஞ்சுதாளால் மூடி, வெளி விளிம்பிலிருந்து நடுப்பகுதி நோக்கித் துடைத்துவர வேண்டும். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் சிந்தியது பரவும். செருப்பைச் சோதிக்காமல் யாரும் அறையைவிட்டுப் போகக்கூடாது. வெட்கப்பட்டு மறைத்த சிந்தலால்தான் அதிகத் தீங்கு வருகிறது. சிந்தியதைச் சொன்ன மாணவரைத் திட்டும் பேராசிரியர், அடுத்த சிந்தலைத் தன்னிடமிருந்தே மறைத்துவிடுகிறார்.

கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் கதை வேறு. அதன் பீட்டா காற்றில் சில மில்லிமீட்டர்தான் போகும், கைகர் கவுண்டரின் மெல்லிய சாளரத்தையே தாண்டாது. மேசை முழுக்க டிரிட்டியம் கிடந்தாலும் கவுண்டர் அமைதியாக இருக்கும். வடிதாள் துண்டால் மேசையைத் துடைத்து, அதைத் திரவ மினுக்கி எண்ணியில் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அயோடின்-125 ஆவியாகும், மூச்சில் போனால் தைராய்டில் குடியேறும், ஆகவே புகைபோக்கி அறைக்குள்தான் திறக்க வேண்டும். கார்பன்-14 இவற்றில் சாதுவானது, ஆனால் அரை ஆயுள் 5,730 ஆண்டு.

இவ்வளவையும் படித்தபின் பயம் வருவது இயல்புதான். அதற்கு ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மண், காற்று, விண்வெளி, உணவு எல்லாம் சேர்ந்து மனிதர்களுக்கு இயற்கையாகக் கிடைக்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணல் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். கதிர்வீச்சோடு பணிபுரிபவர்களுக்கு இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. இத்தகைய பணிகளால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேருவது ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குமேல் போகக்கூடாது. ஒழுங்காக நடக்கும் ஆய்வகத்தில் மாணவரின் கணக்கு இந்த வரம்புகளின் அருகிலேயே வராது.

கணக்கு வைப்பது மார்பில் குத்திய பேட்ஜ். அதற்குள் டிஸ்புரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்பேட்டில் செய்த மூன்று சிறு வட்டுகள் இருக்கும். ஒன்றின்மேல் உலோக வடிகட்டி, ஒன்றின்மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. வட்டு தான் வாங்கிய கதிர்வீச்சின் ஆற்றலில் ஒரு பங்கைப் பிடித்துவைத்திருந்து, பின்னர் சூடாக்கும்போது ஒளியாக விடும். ஒளியை அளந்தால் அளவு தெரியும், மூன்று வட்டுகளின் வேறுபாட்டிலிருந்து எந்த வகைக் கதிர் என்பதும் தெரியும். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இந்த ஏற்பாட்டில் வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ் மாறும். பேட்ஜை ஆய்வக மேசைமீதே விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போகிறவர், மேசை வாங்கிய கதிர்வீச்சைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார்.

கழிவு. பாஸ்பரஸ்-32 கழிவைப் பெர்ஸ்பெக்ஸ் பெட்டியில் போட்டு, தேதி எழுதிப் பூட்டிவைத்தால் போதும், காலம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பத்து அரை ஆயுளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஏறக்குறைய ஐந்து மாதம். பிறகு கவுண்டரால் பார்த்து, இயற்கைப் பின்னணி அளவுக்கு வந்துவிட்டது என்று உறுதிசெய்து, கதிரியக்க முத்திரையைக் கிழித்துவிட்டுச் சாதாரணக் கழிவாக அனுப்பலாம். எளிமையான முறைதான், ஆனால் தேதி எழுதியிருக்க வேண்டும். தேதியில்லாத பெட்டியில் பாஸ்பரஸும் கார்பனும் கலந்து கிடந்தால் ஐந்து மாதக் கணக்கு ஐம்பத்தேழாயிரம் ஆண்டுக் கணக்காகிவிடும். அடையாற்றங்கரையை ஒட்டிய வளாகங்களுக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்பதை நினைவில் வைத்து, கழிவு வைப்பறை எந்தத் தளத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

பாஸ்பரஸ் கையாள்பவரின் எல்லா எச்சரிக்கையும் அவர் அந்த அறையில் இருக்கும்வரைதான். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. ஒரு மாணவர் சேர்ந்து, படித்து, பட்டம் வாங்கி, வெளியூர் போய்விடும் காலத்தில் கோபால்ட் பாதிதான் குறைந்திருக்கும். அதை வாங்கிய பேராசிரியர் ஓய்வு பெற்றபோதும் அது வேலை செய்துகொண்டிருக்கும். பல்கலைக்கழகம் என்ற அமைப்பே ஆட்கள் மாறிக்கொண்டிருப்பதற்காக உண்டானது. அணுமின் நிலையத்தில் இதற்கென்றே ஊழியர்கள் தலைமுறையாக இருப்பார்கள். பல்கலைக்கழகத்தில் பதிவேட்டைத் தவிர நிரந்தரமானது எதுவும் கிடையாது. இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் மாயாபுரி.

டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை 1968-இல் கனடாவிலிருந்து ‘காமாசெல் 220’ என்ற கருவியை வாங்கியது. நடுவே ஒரு சிறு அறை, அதைச் சுற்றிக் கோபால்ட்-60 குச்சிகள், அவற்றைச் சுற்றிக் கனத்த காரீயக் கவசம். வேதிப்பொருளை அறைக்குள் இறக்கினால் அதன்மேல் காமா கதிர் பாயும், மூலக்கூறுகள் எப்படி உடைகின்றன என்று ஆராயலாம். 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. கவசத்துக்குள் இருந்தவரை யாருக்கும் அதனால் தொந்தரவும் இல்லை. பயன்படாத பொருள்களைக் கண்டம் செய்து ஏலம் விடுவது எந்த அரசு நிறுவனத்திலும் நடப்பதுதான். 2010 பிப்ரவரி 26 அன்று அந்தப் பட்டியலில் இந்தக் கருவியும் சேர்ந்து, பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு ஏலம் போனது.

மேற்கு டெல்லியின் மாயாபுரி, நம் புதுப்பேட்டையைப் போலப் பழைய இரும்புக்குப் பேர்போன இடம். காயலான் கடைக்காரருக்கு அந்தக் கருவியில் மதிப்புள்ளது காரீயம்தான். மனிதரைக் காப்பதற்கென்று வைத்த கவசத்தைக் காசுக்காகப் பிரித்தார்கள். உள்ளே பளபளத்த உலோகத்தையும் வெட்டினார்கள். மூலம் பதினொரு துண்டானது. எட்டு கிடங்கில் கிடந்தன, இரண்டு பக்கத்திலிருந்த கடைக்குப் போயின, மிகச் சிறிய ஒன்றை ஒருவர் பணப்பையில் வைத்துக்கொண்டார். வாந்தி, தோல் கருத்துப்போதல், முடி உதிர்தல் என்று ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வந்தபோது, ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் மருத்துவர்களுக்குக் கதிர்வீச்சுச் சந்தேகம் வந்தது. எட்டுப் பேர் அனுமதிக்கப்பட்டார்கள். ஏப்ரல் 26 அன்று கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அணுசக்தித் துறையினர் துண்டுகளைத் தேடியெடுத்து நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சர்வதேச அளவுகோலில் இந்த விபத்து நான்காம் நிலை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1968-லிருந்து 2010 வரை 42 ஆண்டு. கோபால்ட்டுக்கு அது கிட்டத்தட்ட எட்டு அரை ஆயுள். வாங்கிய நாளில் இருந்த வீரியத்தில் ஏறக்குறைய 250-இல் ஒரு பங்குதான் அப்போது மிஞ்சியிருந்தது. ஆய்வுக்குப் பயன்படாது என்று ஒதுக்கிய அந்த மிச்சம் ஓர் ஆளைக் கொன்றது. ஆய்வாளரின் கண்ணில் ‘பலவீனமான மூலம்’ என்பதற்கும் கையால் தொடுபவரின் உடம்புக்கும் இருக்கும் இடைவெளி இவ்வளவு.

இறந்தவர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க வேண்டிய அவசியமே இல்லாதவர்.  கற்றவர்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர், ஒரே ஒருவர், அந்தக் கருவி என்ன என்று கேட்டுவிட்டு ஏலப் பட்டியலில் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில் நடந்ததும் இதுதான். மூடிய மருத்துவமனையில் விட்டுச்சென்ற சீசியம் கருவியைப் பழைய இரும்புக்காகப் பிரித்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டியதாயிற்று.

சென்னையில் காமாசெல் அளவுக்குப் போக வேண்டாம். பழைய கல்லூரிகளின் வேதியியல் அலமாரியைத் திறந்தால் தோரியம் நைட்ரேட், யுரேனைல் அசிடேட் என்று பெயர் மங்கிய புட்டிகள் தென்படக்கூடும். ஒரு காலத்தில் பாடத்திட்டச் சோதனைகளுக்கு வாங்கியவை. தோரியம் அன்று அவ்வளவு சாதாரணம். மயிலாப்பூர் மாடவீதியில் ஜானவாச ஊர்வலத்துக்குத் தலையில் தூக்கிவந்த காஸ் லைட்டின் மேண்டிலில் பளீரென்று எரிந்ததே தோரியம் ஆக்சைடுதான். புட்டி மூடியிருந்தால் பெரிய ஆபத்தில்லை, தூளை முகர்ந்தாலோ தொட்டியில் கொட்டினாலோ தான் பிரச்சினை. ஆனால் யுரேனியமும் தோரியமும் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்திலேயே அரசுக் கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களாக வகைப்படுத்தப்பட்டவை. அவற்றை ஏலத்திலோ குப்பையிலோ தள்ளிவிட முடியாது. நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்ல வேண்டும், அப்படி ஒருவர் இல்லாத கல்லூரி தரமணி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். உரிய கழிவை ஏற்கக் கல்பாக்கத்திலேயே மையம் இருக்கிறது.

இன்று ஒளிரும் சாயங்கள் வந்துவிட்டதால் உயிரியல் ஆய்வகங்களில் பாஸ்பரஸ்-32இன் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கவலை உண்டு. பயன்பாடு குறையும்போது தெரிந்தவர்களும் குறைவார்கள். கவுண்டரின் பேட்டரி தீர்ந்து கிடக்கும், பாதுகாப்பு அலுவலர் பதவி காலியாகக் கிடக்கும், பூட்டிய அறையின் சாவி யாரிடம் என்று தெரியாது. டெல்லியில் அந்தக் கருவி ஆபத்தானது அதைப் பயன்படுத்திய காலத்தில் அல்ல, நிறுத்தியபின் கழிந்த 25 ஆண்டுகளில்.

ஆகவே ஓய்வுபெறும் பேராசிரியருக்குப் பிரிவுபசார விழாவுக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அவரும், அடுத்துப் பொறுப்பேற்பவரும், பாதுகாப்பு அலுவலரும் கவுண்டரோடு அறை அறையாகப் போய், பதிவேட்டில் உள்ள ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, மூவரும் கையெழுத்திட வேண்டும். பதிவேட்டில் இல்லாதது கண்ணில் பட்டால் அன்றே எழுத வேண்டும். கண்டம் செய்யும் பட்டியல் எதுவும் பாதுகாப்பு அலுவலரின் கையொப்பம் இல்லாமல் ஏலத்துக்குப் போகக்கூடாது. இன்னும் முன்னால், வாங்கும்போதே செய்ய வேண்டியதும் உண்டு. மூடிய கதிரியக்க மூலம் வாங்குபவர் பயன்பாடு முடிந்தபின் அதை விற்றவருக்கே திருப்பி அனுப்பவோ அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஒப்படைக்கவோ கடமைப்பட்டவர். அதற்கான கவசப் பெட்டி, லாரி, அனுமதி எல்லாவற்றுக்கும் பணம் ஆகும். ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே அந்தத் தொகையையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்துத் துறைத்தலைவராக வருபவரிடம் அதற்கென்று நிதி இருக்காது.